சம்பந்திக்குச் சொல்லாத ஏழாவது குறிப்பு

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. அந்தமான் கடலுக்கு மேலே ஒரு துண்டு மேகம் இல்லை. படகில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மகன் வாங்கித் தந்த முழுக்கை நீச்சல் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தி, மருமகளைப் பெற்றவர், சிரித்தார்.

"என்னா சம்பந்தி, மாப்ள அலங்காரமா? கிரீமு பூசிக்கினு இருக்கீங்க! மைன்ஸ்ல முப்பத்தி நாலு வருசம் வெந்த தோலு. இன்னும் வேக என்னா இருக்கு?"

படகே சிரித்தது. நான் ரோஷக்காரன். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நீச்சல் கண்ணாடியும் மூச்சு விடும் குழாயும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஐம்பத்திரண்டு நிமிடம் குப்புற மிதந்து இருபத்து மூன்று வகை மீன் பார்த்தேன்.

நெய்வேலிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. திறந்தவெளிச் சுரங்கத்து வெயில் தின்றது முகத்தையும் முன்கையையும்தான். முதுகு முப்பத்து நாலு ஆண்டும் காக்கிச் சட்டைக்குள் இருந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்ததால் எரிவதே தெரியவில்லை. மறுநாள் முதுகு முழுக்கக் கொப்புளம். பதினோரு நாள் குப்புறப் படுத்தேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஊர் திரும்பியதும் சம்பந்தி அதைக் கதையாக்கினார். காலை நடையில், பால் பூத்தில், ரேஷன் வரிசையில், நான் விமானத்தில் முதுகு சாய்க்க முடியாமல் முன் சீட்டைக் கட்டிக்கொண்டு வந்ததை நடித்துக் காட்டினார். எனக்குத் தெரிந்து பதினான்கு முறை. இத்தனைக்கும் அவர் வேலை பார்த்தது அதே சுரங்கத்தின் ஸ்டோர்ஸில், மின்விசிறிக்குக் கீழே. பதினான்கையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் அவரே தேடி வந்தார். நான் மகனோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். அவர் வீடு அடுத்த பிளாக்கில்.

"ரிட்டையர்டு செட்டு அஞ்சு பேரு அந்தமான் கெளம்புறோம். அந்த முழுக்கை சட்டையக் குடுங்க சம்பந்தி. அப்பிடியே என்னென்ன பண்ணணும்னு எழுதிக் குடுங்க. வெந்தவரு நீங்கதான!"

அன்றைக்கும் அந்தச் சிரிப்பு. பதினைந்து.

சட்டையை எடுத்துக் கொடுத்தேன். என் பீரோ கதவில், பட்ட பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஏழு குறிப்புகளை எழுதி ஒட்டியிருந்தேன். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே கிரீம் தடவ வேண்டும், தண்ணீரை விட்டு ஏறினால் மறுபடி தடவ வேண்டும், காதையும் வழுக்கையையும் மறக்கக் கூடாது, உச்சி வெயிலில் இறங்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாக எழுதிக் கொடுத்தேன். ஆறோடு பேனாவை மூடினேன். ஏழாவது இது: குப்புற மிதக்கும்போது தொடையின் பின்பக்கமும் முழங்கால் மடிப்பும் மேலே நிற்கும், அரைக்கால் சட்டை போதாது, கணுக்கால் வரை மூட வேண்டும்.

அவரிடம் இருப்பது அரைக்கால் சட்டை என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை திரும்பினார். வெள்ளிக்கிழமை காலை பார்க்கப் போனேன். கட்டிலில் குப்புறக் கிடந்தார். கால்களின் பின்பக்கம் வெந்த பீட்ரூட் நிறம். கொப்புளங்களை எண்ணினேன், வலது காலில் மட்டும் ஒன்பது. நாற்காலியை அவர் கண்ணுக்கு நேராக இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். இரண்டு தரம் டீ குடித்தேன். இத்தனை ருசியான டீயை நான் குடித்ததில்லை.

அப்போதுதான் அவர் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டார். "ஞாயித்துக்கெழம காதுகுத்து. புள்ளைய மடியில வச்சிக்கினு எப்பிடி உக்காருவேன் சம்பந்தி?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். மருமகள் ஒரே பெண், கூடப்பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் இடத்தில் உட்கார வேண்டியவர் இவர்தான். காது குத்திக்கொள்ளப் போகிறவள் என் பேத்தி. மீனை எண்ணினேன், கேலியை எண்ணினேன், கொப்புளத்தை எண்ணினேன். வியாழனுக்கும் ஞாயிறுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணவில்லை.

தரையில் மட்டுமல்ல, நாற்காலியிலும் அவரால் உட்கார முடியவில்லை. வேறொருவர் மடியில் வைத்துக் குத்த மருமகள் சம்மதிக்கவில்லை. குறிஞ்சிப்பாடிக் கோயிலுக்குச் சொல்லி அனுப்பி, தேதியைத் தள்ளி வைத்தோம்.

சனிக்கிழமை மாலை மருமகள் தன் அப்பாவின் சட்டைப்பையிலிருந்த தாளோடு என் பீரோ முன்னால் நின்றாள்.

"மாமா, உங்க பேப்பர்ல ஏழு இருக்கு. அப்பா பேப்பர்ல ஆறுதான்."

"விட்டுப்போச்சும்மா."

"தட்டுல இட்லிய எண்ணிட்டுச் சாப்புடுறவரு நீங்க. உங்களுக்கு விட்டுப்போகுமா?"

 கூடத்தில் உட்கார்ந்திருந்த மகன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "தேதி தள்ளுன செலவு பூரா உங்க பென்ஷன்லதாம்ப்பா" என்றான். சரி என்றேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை, இன்றுவரை.

திரும்பி வராத சமையல் முன்பணம் பன்னிரண்டாயிரம், இரண்டு வேனுக்கு ஐயாயிரம், பந்தலுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, புதுப் பத்திரிகைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம், சம்பந்தியின் கால்களுக்குக் களிம்பு எண்ணூற்று அறுபது. மொத்தம் இருபத்து நாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.