ஸ்ரெல்லா மிஸ்ஸியின் கமக்கட்டுப் பரிசோதனை

ஸ்ரெல்லா மிஸ்ஸியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லும்படி கேட்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன். ஐந்து வருடம் ஒரே ஆசுப்பத்திரியில் வேலை செய்தோம். நான் நோயாளர் பதிவு, அவர் ஆய்வுகூடம். அந்த ஐந்து வருடத்தில் என்னை ஒரே ஒரு தடவைதான் பாராட்டினார், அதுவும் என் கையெழுத்தை. அன்று நான் லீவு. எழுதியது வேறு ஆள்.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தகப்பன் இராயப்பு களப்பில் இறால் பிடித்தவர். "கண்ணால காணாததை நான் நம்பமாட்டன்" என்று ஸ்ரெல்லா நாளுக்கு நாலு தடவை சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கும் போவார். அது எப்படி என்று கேட்கும் தைரியம் எங்களில் எவருக்கும் இருக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆசுப்பத்திரி போரால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது. ஆறாம் வகுப்பு அறைதான் ஆய்வுகூடம். மின்சாரம் கிடையாது. நுணுக்குக்காட்டியின், அதுதான் மைக்ரோஸ்கோப்பின், கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வைத்துத்தான் பார்ப்பார். மழை முகில் வந்தால் இரத்தப் பரிசோதனை நின்றுவிடும்.

சுதர்சினி முரசுமோட்டையில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவள். இருபத்திரண்டு வயது. வயிற்றைக் கீறித்தான் பிள்ளை எடுத்தார்கள். பிள்ளைக்குக் குறையில்லை, தாய்க்குத்தான் புண் பழுத்தது. மூன்று கிழமை சேலைன் குழாயில் மருந்து ஏறியது. புண் ஆறிக்கொண்டு வரும்போது திரும்பவும் காய்ச்சல் பிடித்தது. அவளுடைய சிறுநீரிலும் குழாயின் நுனியிலும் மதுவத்தைக் கண்டுபிடித்தார் ஸ்ரெல்லா. அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறோமே ஈஸ்ட், அதன் கெட்ட சொந்தக்காரன். டொக்டர் குழாயைக் கழற்றிவிட்டு, கையில் இருந்த மதுவ மருந்தைத் தொடங்கினார். பத்து நாளைக்கு மட்டுமே இருந்தது. ஐந்து நாள் போயும் காய்ச்சல் இறங்கவில்லை.

ஆறாம் நாள் மலம் கறுப்பாகப் போனது. உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று டொக்டர் பயந்து, இரத்தம் கொடுக்க ஆள் தேடச் சொன்னார். ஸ்ரெல்லா மலத்தைப் பரிசோதித்தார். இரத்தம் இல்லை. நேரே சுதர்சினியின் தாய் அழகம்மாவிடம் போனார்.

"அம்மா, பிள்ளைக்கு என்ன குடுக்கிறியள்?"

"கஞ்சிதாங்க மிஸ்ஸி."

"கஞ்சி குடிச்சு ஒருத்தருக்கும் இப்பிடிக் கறுப்பாப் போகாது."

அழகம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரும்புக் குளிசைகள்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுப்பது அது. வயிற்றைப் புரட்டும் என்று எங்கள் பெண்கள் விழுங்கமாட்டார்கள். எறியவும் மாட்டார்கள், மருந்துக்கும் தடை போட்டிருந்த காலத்தில் அதை எறிகிறவர் யார்? எல்லாம் பால்மா டின்களுக்குள் கிடந்தன. அழகம்மா கொட்டில் கொட்டிலாகப் போய்க் கும்பிட்டு வாங்கியிருக்கிறார்.

"புள்ள வெளுத்துப்போய்க் கெடக்குதுங்க. ரத்தம் ஊறட்டும்னு காலையில நாலு, பொழுதுபட நாலு குடுத்தேங்க."

டொக்டர் நல்ல மனுசன், ஆனால் களைத்துப்போயிருந்தார். "எட்டு கூடத்தான். இரண்டாக் குறைக்கட்டும். வெளிறின பிள்ளைக்கு இரும்பு நல்லதுதானே" என்றார்.

ஸ்ரெல்லாவுக்குக் கோபம் வந்தது. "டொக்டர், மதுவத்துக்கும் இரும்பு இல்லாமல் வளர ஏலாது. அது இரத்தத்தில இருக்கிற செங்குழியத்தை உடைச்சுக்கூட இரும்பை எடுக்கும். அதுக்குப் பயந்துதான் உடம்பு இரும்பை ஈரலுக்குள்ள ஒளிக்குது. இரத்தத்தில மிஞ்சிறதையும் ஒரு புரதம் இறுக்கிப் பிடிச்சு வைக்குது. பிள்ளை வெளிறினதுக்கு அதுவும் ஒரு காரணம். கள்ளனுக்குப் பயந்து அரிசியைப் புதைச்சு வைச்ச வீட்டு முத்தத்தில நாங்கள் மூடை மூடையாக் கொட்டுறம்."

"கண்ணால கண்டனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர்.

அந்த மனிதர் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

மறுநாள் விடிய ஸ்ரெல்லா தன் கையிலேயே ஊசியைக் குத்தி இரத்தம் எடுத்தார். உறையவிட்டு, மேலே தெளிந்த நீரை இரண்டு சின்னக் குழாய்களில் ஊற்றினார். சுதர்சினியின் மதுவத்தில் இரண்டுக்கும் ஒவ்வொரு சொட்டு. ஒன்றுக்கு மட்டும் குளிசை கரைத்த தண்ணீர் துளியளவு. இதை உடம்புச் சூட்டில் வைத்திருக்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டி இருந்தது, மின்சாரம் இல்லை. ஆகவே வெறுங்குழாயை இடது கமக்கட்டிலும் இரும்புக் குழாயை வலது கமக்கட்டிலும் இடுக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். காலை ஏழு மணி தொடங்கி மாலை நாலரை வரை அப்படியே இருந்தார். வந்தவர்கள் எல்லாம் தோள்மூட்டு விலகிவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மத்தியானச் சோற்றை நான்தான் ஊட்டினேன். உப்புக் குறைவென்று எனக்குத்தான் ஏச்சு.

நாலரைக்கு வெயில் இன்னும் இருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு சொட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தார். இடது குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மதுவம். வலது குழாயில் கண் வைக்க இடமில்லை. முளைவிட்டு, கிளைவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். பிறகு சுதர்சினியின் கட்டில் அட்டையில் 'இரும்பு வேண்டாம்' என்று எழுதினார்.

அழகம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார் ஸ்ரெல்லா. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இதுதான் எம் புள்ள ஒடம்புல இருக்குதுங்களா?"

"ஓம்."

"நாந்தான் தீனி போட்டேனுங்களா?"

ஸ்ரெல்லாவுக்குப் பொய் சொல்ல வராது.

"ஓம். தெரியாமல் போட்டனீங்கள்" என்றார். யாருக்காகவும் அவர் இப்படி 'தெரியாமல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொன்னதை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது.

இரும்பை நிறுத்தி நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மருந்து கேட்டதா, இரும்பை நிறுத்தியது கேட்டதா என்று ஸ்ரெல்லாவிடம் கேட்டேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை, அதனால் சொல்லமாட்டேன் என்றார்.

அன்று சுதர்சினி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சிக் கோப்பையைக் கையில் வாங்கியதும் தாயின் முந்தானை முடிச்சைப் பார்த்தாள்.

"அந்தக் குளிசை இனி வேணாம்மா. வயிறெல்லாம் நெருப்பா எரிஞ்சிச்சு."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேடி!"

"வீடு வீடாப் போய்க் கும்பிட்டு வாங்கிட்டு வந்தியேம்மா. அதான் முழுங்கினேன்."