ஷிராணியின் இரத்தமும் வேலி ஓணானும்

புசல்லாவைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் ஷிராணி என்றால் கங்காணிக்கே கொஞ்சம் நடுக்கம். கொழுந்து நிறுக்கும்போது அவர் தராசில் விரலை வைத்தால், "அந்த விரலுக்கும் பேர் போட்டுக்குங்க கங்காணி" என்று மலை முழுக்கக் கேட்கச் சொல்லுவாள். காலில் அட்டை ஏறினால் மூக்கைத் துடைக்கிற மாதிரி வழித்து எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள், மூன்று கிழமையாக, ஒரு சாண் ஓணானுக்குப் பயந்து பீலிக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போகாமல் வீட்டுக்குள் கிடந்தாள்.

லயத்து வரிசை வீடுகளில் முதலில் எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம். போன வருடம் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போனது. இந்தத் தடவை கிளினிக்கில் மருத்துவிச்சி சஞ்சீவனி மிஸ் விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். "இரத்தம் ஒன்பதுதான் இருக்கு. பதினொண்ணாவது இருக்கணும். இப்படியே இறங்கினா புள்ளைக்குத்தான் ஆபத்து." இரும்புச்சத்துக் குளிசைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், லயத்து வேலிக் கட்டையில் அது உட்கார்ந்திருந்தது. ஷிராணியைப் பார்த்தபடியே தலையை மேலும் கீழும் ஆட்டியது. ஆட்ட ஆட்ட, கழுத்திலிருந்து தலை வரை இரத்தமாய்ச் சிவந்தது.

ஓணான் தூரத்தில் இருந்தே தொப்புள் வழியாக இரத்தம் உறிஞ்சும், உறிஞ்சிய இரத்தம்தான் கழுத்தில் தெரிகிறது என்பது அந்த லயத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். ஓணானைக் கண்டால் தொப்புளைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். ஏழு மாத வயிற்றை எத்தனை கையால் பொத்துவது? ஷிராணி புருஷனின் பனியனை நான்காக மடித்து, வயிற்றில் வைத்து, மேலே துவாய் சுற்றிச் சட்டை ஊசி குத்திக்கொண்டாள். பார்ப்பதற்குத் தபாலில் அனுப்பக் கட்டிய பார்சல் போல இருந்தாள்.

"ஒன்பதா சொன்னாங்க?" என்றாள் பக்கத்து வீட்டுத் தெரேசா. "அன்னைக்கு நல்லாத்தானேடி இருந்த? அது குடிக்காம வேற யாரு குடிப்பா?"

கட்டுகஸ்தோட்டையில் இரும்புக் கடை வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை மட்டும் வீடு வரும் புருஷன் மோகனராஜ், விஷயத்தைக் கேட்டதும் விறகுக் கட்டையைத் தூக்கினான். "இரு புள்ள, ஒரே போடு. முடிஞ்சிரும் கதை."

ஷிராணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "அடிக்காதீங்க! என் இரத்தம் அதுக்குள்ள இருக்குங்க!"

மோகனராஜ் கட்டையை அடுப்படியில் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அன்றிலிருந்து தண்ணீர் எடுப்பது தெரேசாவின் வேலையானது.

மறுபடியும் கிளினிக் நாள் வந்தது. வேலியைத் தாண்டாமல் பஸ்ஸுக்குப் போக வழியில்லை. பார்சல் கட்டிக்கொண்டு புறப்பட்டவள், வேலிக்கு மூன்றடி முன்னால் உறைந்து நின்றாள். ஒரு கட்டையில் அது. அடுத்த கட்டையில் அதே மாதிரி இன்னொன்று. இரண்டும் சிவப்பு.

முடிந்தது என்று நினைத்தாள். இரண்டு வாய்க்கு அவளிடம் இரத்தம் ஏது?

ஓட முடியவில்லை. அதனால்தான் பார்த்தாள். இரண்டும் அவள் பக்கமே திரும்பவில்லை. ஒன்றையொன்று முறைத்தபடி, முன்காலை ஊன்றி எழும்பி எழும்பித் தாழ்ந்தன. தொண்டையை உப்பின. உப்ப உப்பச் சிவப்பு ஏறியது, சாராயக்கடை வாசலில் இரண்டு பேர் சட்டைக் கையை மடிக்கிற மாதிரி. திடீரென்று பாய்ந்து கடித்துப் புரண்டன. கொஞ்ச நேரத்தில் புதிதாக வந்ததன் சிவப்பு அப்படியே வடிந்தது. காய்ந்த தேயிலைக் குச்சி நிறத்தில், வாலை இழுத்துக்கொண்டு புல்லுக்குள் ஓடியது. ஜெயித்தது கட்டையில் ஏறி நாலு தடவை தலையாட்டியது. எதிரி போன பிறகு அதன் சிவப்பும் மெல்ல மெல்ல மங்கி, கட்டையின் நிறத்துக்கே வந்துவிட்டது.

ஷிராணி அங்கேயே நின்றாள். அந்தச் சிவப்பு அவளுக்காகக் காட்டியதே அல்ல. இது என் கட்டை, இறங்கிப் போடா என்று இன்னொரு ஓணானுக்குச் சொன்னது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நாளும் பயம் வேலிக் கட்டையில் இருந்தது, கண்ணால் பார்க்கலாம், ஒளியலாம். இது குடிக்கவில்லை என்றால், இரத்தம் எங்கே போகிறது?

கிளினிக்கில் இரத்தம் எட்டு தசம் மூன்று.

"எட்டுக்குக் கீழ போனா வார்டுல போட்டுருவோம்," என்றாள் சஞ்சீவனி மிஸ். "குளிசை போடுறீங்களா இல்ல குப்பையில போடுறீங்களா?"

"ஒருநாள்கூட விடல மிஸ். சத்தியமா."

"எதோட குடிக்கிறீங்க?"

"பிளேன்டியோடதான், பாலில்லாத தேத்தண்ணி. எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தான் மிஸ். கசப்புக்கு நல்லா இருக்கும்."

சஞ்சீவனி மிஸ் பேனையைக் கீழே வைத்தாள். "குளிசையில இருக்கிற இரும்பு ஒடம்புல சேரவிடாம தேயிலைதான் தடுக்குது. தண்ணியோட குடிங்க. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வாயில படக்கூடாது."

பதினேழு வருடமாக அந்தக் கொழுந்தைக் கிள்ளிய விரல்களை ஷிராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நானேதான் மிஸ்…" என்று தொடங்கினாள். கண்ணைத் துவாயில் துடைத்தாள்.

"தெரியாம செஞ்சதுக்கு அழக்கூடாது. ரெண்டு கிழமை. பாப்போம்."

அந்த இரண்டு கிழமையும் அவள் பிள்ளையின் அசைவை எண்ணிக்கொண்டே கிடந்தாள். ஒரு மணித்தியாலம் அசையாவிட்டால் தெரேசாவை எழுப்பி, "அக்கா, கை வச்சுப் பாருங்க" என்பாள். குளிசையைப் பச்சைத் தண்ணீரில் விழுங்கினாள். தேத்தண்ணி மணம் வந்தால்கூட எழும்பி வெளியே போனாள்.

திரும்பவும் ஊசி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"ஒன்பது தசம் ஒண்ணு," என்றாள் மிஸ்.

"ஏறுதா மிஸ், இறங்குதா?"

"ஏறுது. இன்னும் நிறைய ஏறணும். வாற கிழமையும் வாங்க."

வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். தோட்டத்துப் பஸ் வந்து நின்றது, ஹோர்ன் அடித்தது, போனது. "ஏறுது, ஏறுது" என்று வயிற்றைத் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தவள் எழும்பவே இல்லை.