டில்லிபாபுவுக்கு ஒத்துக்காத மருந்து

டில்லிபாபு காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போகிறவர், மீன் மட்டும் தின்னமாட்டார். தின்றால் உதடு தடித்து மூச்சு அடைக்கும். வெளியே தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று, படகில் குழம்பு கொதிக்கும்போதெல்லாம் வயிறு சரியில்லை என்று சொல்லி ஊறுகாயோடு முடித்துக்கொள்வார்.

இதய வால்வு பழுதாகி, நாலு படி ஏறினாலே மேல்மூச்சு வாங்கியது. ஆபரேஷனுக்குச் சேர்த்தார்கள். முந்தின நாள், மயக்க மருந்து டாக்டர் ஃபரா கட்டிலருகே வந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர்.

"அண்ணே, மருந்தோ சாப்பாடோ ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா?"

"ஒன்னியும் இல்ல டாக்டரம்மா."

மனைவி குப்பம்மா விடவில்லை. "இன்னாய்யா, டாக்டராண்டயே பொய் சொல்லிகினு கீற? மீன் துன்னா மூஞ்சி வீங்கிப் பூடும்மா இதுக்கு!"

ஃபராவின் முகம் மாறியது. ஆபரேஷனின்போது ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து தருவார்கள். முடிந்ததும் அதை முறிக்க இன்னொன்று. அந்த முறிவு மருந்து மீனிலிருந்து எடுக்கப்படுவது. மீன் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் அது கெடுதல் செய்வதில்லை. செய்தால் நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். ஈடான வேறு மருந்தும் கைவசம் இல்லை.

மறுநாள் வால்வை மாற்றியாயிற்று. இதயத்தின் வேலையை மெஷின் பார்த்துக்கொள்ள, நிறுத்தி வைத்திருந்த இதயம் மறுபடி தானாகத் துடித்தது. சர்ஜன் சங்கரநாராயணன் தலையசைக்க, ஃபரா முறிவு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். கண்கள் திரையில் ஓடும் சிவப்புக் கோட்டிலேயே இருந்தன. அதுதான் ரத்த அழுத்தம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோட்டின் அலைகள் குட்டையாயின. அலாரம் அலறியது. நுரையீரலுக்குள் காற்று போக மறுத்தது.

"நிறுத்திட்டேன் சார். அலர்ஜிதான்!"

"திரும்ப மெஷின்ல போட்டுடலாமா?"

"தயாரா இருக்கட்டும். அட்ரினலின் குடுத்துட்டேன்."

சர்ஜன் இதயத்தை உள்ளங்கையில் ஏந்திப் பிசைந்தார். கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. ஃபரா இன்னொரு ஊசியை ஏற்றினார்.

ஓர் அலை எழும்பியது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் உயரம்.

ஆனால் முறிவு மருந்தை இனித் தொட முடியாது. முதல் மருந்தின் வேகம் தானாகக் குறையும்வரை ரத்தம் கசிந்துகொண்டேயிருக்கும். பஞ்சு வைத்து அழுத்துவதும், மாற்றுவதும், புது ரத்தம் ஏற்றுவதுமாக மதியம் முழுக்கப் போயிற்று. சாயந்திரம்தான் நெஞ்சை மூடினார்கள்.

வெளியே குப்பம்மா, டில்லிபாபு கழற்றிக் கொடுத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நடுவுல ரொம்ப மோசமாயிடுச்சுக்கா," என்றார் ஃபரா. "இப்ப நல்லா துடிச்சுகினு கீது. நீங்க சொன்னதாலதான் எல்லாம் தயாரா வெச்சிருந்தோம்."

குப்பம்மா சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "உசுரோட கீறாரா?" என்று கேட்டாள்.

ஆறு மாதமாகிறது. காலடிப்பேட்டை வீட்டில் சத்தம் அடங்கினால், அவர் நெஞ்சில் வைத்த உலோக வால்வு டிக்டிக்கென்பது லேசாகக் கேட்கும். டில்லிபாபுவுக்கு அது எரிச்சல். "பேஜாரா கீதுடி, டிவிய சத்தமா வையி," என்பார். குப்பம்மா காதில் விழாதவள்போல் இருந்துவிடுவாள்.