உதறாமல் வந்தது

இதில் வரும் நேரங்களை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. வேலை நேரத்தை அளக்கும் சாஃப்ட்வேரின் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். அந்தப் பதிவில் உள்ள எண்கள் எதற்காகவும் மாறப்போவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதம். எங்கள் தீவு நாட்டில் கலம்பா என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். ஏழரை மாதக் கர்ப்பம். குழந்தையின் தகப்பன் நான்காம் மாதமே கைகழுவிவிட்டுப் போய்விட்டான். எனக்கென்று இருந்தது ஒரு வேலை. பிரிஸ்பேனில் உள்ள பல் மருத்துவமனைகளுக்கு வரும் அழைப்புகளை இங்கே என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எடுத்து, நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். காலை ஏழு முதல் மாலை நான்கு வரை. அந்த வேலை போனால் பிரசவத்துக்கு வழியில்லை, பிறகு குழந்தைக்கும் வழியில்லை. அவ்வளவுதான் என் நிலைமை.

நோயாளிகளின் விவரங்கள் கையில் இருப்பதால் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வேலை நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. உள்ளே நுழைந்த ஒரு நிமிடத்துக்குள்ளும், பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் லேப்டாப்பின் கேமரா அறையைப் பார்க்கும். படம் எடுக்காது. எத்தனை முகம் என்று எண்ணி, எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளும். ஒன்று என்றால் சரி. இரண்டு என்றால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு ஒப்பந்தம் முடிந்தது.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், ககாயன் ஊரிலிருந்து டின்டோ, இலோயிலோ ஊரிலிருந்து மெர்லி அக்கா. நான்கு வருடம் தினமும் பேசியிருக்கிறோம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை மெர்லி அக்கா இறந்துபோனார். ரத்தக் கொதிப்பு.

கர்ப்பிணி துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். போக நினைத்தாலும் இலோயிலோவுக்குக் கடல் தாண்ட வேண்டும். எங்கள் வழக்கப்படி உடலை ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தார்கள். அக்காவின் தங்கை, வெளிநாட்டுச் சொந்தங்களுக்காகப் பேஸ்புக்கில் நேரலை போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் 12.00 மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில், வேலை செய்யும் அதே லேப்டாப்பில் அதைத் திறந்தேன்.

வெள்ளைப் பெட்டி. பூ வளையங்கள். ஓரத்தில் துக்கத்துக்குத் துணையிருந்து சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் முதுகு. 12.24-க்கு யாரோ சொல்லி, தங்கை போனைப் பெட்டியின் கண்ணாடிக்கு மேலே கொண்டுபோனாள். முகம் திரை முழுக்க வந்தது. நான்கு வருடம் ஹெட்செட்டில் கேட்ட குரலின் முகம். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன்.

12.28-க்கு டின்டோ எழுதினான். "அக்கா, பாத்துட்டு நேரா வேலைக்குள்ள நுழைஞ்சிடாதீங்க. உதறணும்ல."

எங்கள் ஊரில் துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. வழியில் ஒரு கடையிலாவது உட்கார்ந்து எழுந்து வருவோம். கூட வருவது அங்கேயே நின்றுவிடும் என்பது நம்பிக்கை. அதைத்தான் உதறுவது என்போம்.

"நான் வீட்டுலயே தானடா இருக்கேன். எங்க போய் உதற?"

"நடுவுல ஏதாவது ஆன்லைன் கடையத் திறங்க. செருப்பு வெல பாருங்க. மெர்லி அக்கா அங்கயே நின்னு செருப்பு பாத்துட்டிருப்பாங்க."

சிரிப்பு வந்தது. ஆனால் மணி 12.29. ஒரு நிமிடம் தாமதமானாலும் கணக்கில் ஏறும். நேரலையை மூடினேன். அடுத்த சொடுக்கில் வேலைக்குள் நுழைந்தேன். சரியாக 12.30.

முதலில் கவனித்தது சேவலை. பக்கத்து வீட்டுச் சேவல் பகலெல்லாம் கூவும். 'அங்க என்ன பண்ணை வெச்சிருக்கியா?' என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அன்று 12.30-க்குப் பிறகு அது கூவவே இல்லை.

12.34. முதல் அழைப்பு. வயதானவர். கடைவாய்ப் பல் வலி. பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுக் குறித்தேன். கடைசியில் அவர் சொன்னார்:

"நல்லா பேசுற கண்ணு. ஆனா உன் பக்கத்துல இருக்கற அம்மாவக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."

"பக்கத்துல யாரும் இல்லையே சார்."

"இருக்காங்களே. நீ கேக்கப் போறத ஒவ்வொண்ணா முன்னாடியே கேட்டுர்றாங்க. நான் எல்லாத்துக்கும் ரெண்டு தடவ பதில் சொல்ல வேண்டியிருக்கு."

வயசானவர், காது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

1.10-க்கு பிரிஸ்பேனிலிருந்து மேற்பார்வையாளர் ஹெலன் எழுதியிருந்தார். முதல் எச்சரிக்கை. 12.30-லிருந்து அறையில் இரண்டு முகம்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர். சுவரில் ஒரு நாள்காட்டி. அதில் படம்கூடக் கிடையாது, வெறும் தேதிகள்.

டின்டோவிடம் சொன்னேன். "உங்க வயித்துல இருக்கறதையும் சேத்து எண்ணுது போல. ரெண்டு பேருக்கும் சம்பளம் கேளுங்க" என்றான். நாள்காட்டியைக் கழற்றி அலமாரிக்குள் போட்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

மறுநாள் புதன். காலை 9.20. இரண்டாவது எச்சரிக்கை. இரண்டு முகம். ஹெலன் தொலைபேசியிலேயே கூப்பிட்டார்.

"அர்லின், உன் வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இன்னொரு தடவ வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. யாரு அது? அம்மாவா?"

"யாரும் இல்ல ஹெலன். சத்தியமா."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப இப்ப உன் பின்னாடி மூச்சு விடறது யாரு?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மதியம் 12.05-க்கு வீட்டுக்காரம்மா கோரிங் கஞ்சிக்கு இஞ்சி கேட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டார். சொன்னேன். டின்டோவும் அழைப்பில் இருந்தான்.

"வயித்துப் புள்ளைக்காரி பொணத்தப் பாப்பியா? உனக்கு என்ன கிறுக்கா?" என்றார் கோரிங் அம்மா. "கெளம்பு. முக்குக் கடையில போய் உக்காந்துட்டு வா. இப்பவாச்சும் உதறு."

டின்டோ குறுக்கே பேசினான். அவன் குரலில் கேலி இல்லை. "அக்கா... துக்க வீட்டுக்குப் போனது நீங்க இல்ல. லேப்டாப்பு. அதையும் தூக்கிட்டுப் போங்க."

12.11. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முக்குக் கடைக்கு நடந்தேன். ஒரு கோழிக் கஞ்சி வாங்கினேன். மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்தேன். கடைக்காரர், "இங்க வைஃபை கெடையாதும்மா" என்றார். பரவாயில்லை என்றேன். நான்கு வாய் சாப்பிட்டேன். மூடினேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

12.30. உள்ளே நுழைந்தேன். சொடுக்கிவிட்டு, தொண்டை காய்ந்திருந்ததால் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து எண்ணிக்கையைப் பார்த்தேன்.

12.31. முகம்: ஒன்று.

அழுதுவிட்டேன். வேலை தப்பியது. டின்டோவுக்கு எழுதினேன். நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் கோரிங் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

12.31-க்கு நான் அடுப்படியில் நின்றிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் ஒன்று. ஒன்று. ஒன்று. வேலையில் பிழையே வரவில்லை. ஹெலன் பாராட்டினார்.

செப்டம்பர் கடைசித் திங்கள். அதிகாலை 5.40. பனிக்குடம் உடைந்துவிட்டது. குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கோரிங் அம்மா, பைக்கோடு தொட்டி கட்டிய ட்ரைசைக்கிளைக் கூட்டிவந்தார். அவசரத்தில் போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். லேப்டாப் மேஜையில் மூடிக் கிடந்தது.

வலி ஒரு நாளுக்கு மேல் நீண்டது. செவ்வாய்க்கிழமை பகலில் பெண் குழந்தை. கையில் கட்டிய பட்டையில் நேரம் எழுதியிருந்தார்கள். 11.19.

அதற்குப் பிறகுதான் வேலை நினைவுக்கு வந்தது. சொல்லாமல் இரண்டு நாள் வராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே ரத்தாகிவிடும். குழந்தை மார்பில் கிடந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, போச்சு, எல்லாம் போச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் 3.30-க்கு வீடு வந்தேன். "நீ போன அன்னிக்குக் காத்துல கம்பம் விழுந்துருச்சு. திங்கக்கிழமை காலையில போன கரன்ட்டு, இப்ப மத்தியானம் தான் வந்துச்சு" என்றார் கோரிங் அம்மா. வீட்டுச் சாவி அத்தனை நாளும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

குழந்தையைக் கட்டிலில் கிடத்தினேன். லேப்டாப்பைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

3.41. மூடியைத் திறந்தேன்.

ரத்துக் கடிதம் எதுவும் இல்லை.

நேரப் பதிவைத் திறந்தேன்.

திங்கள், 7.00 முதல் 4.00 வரை. முகம்: ஒன்று.

செவ்வாய், 7.00 முதல் 4.00 வரை. முகம்: ஒன்று.

புதன், அதேதான்.

வியாழன், 7.00 முதல்... இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. 3.42.

டின்டோவைக் கூப்பிட்டேன். "எனக்காக நீயாடா வேல பாத்த?"

"நானா? உங்க பாஸ்வேர்டு எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான். "நீங்கதான தினமும் ஏழு மணிக்குக் குட்மார்னிங் போட்டீங்க. நேத்து ஒரு மணி நேரம் பேசினோமே... அக்கா, வெளையாடாதீங்க."

அன்று இரவு குழந்தையோடு கோரிங் அம்மா வீட்டில் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 8.15-க்கு ஹெலன் கூப்பிட்டார். உற்சாகமாகத்தான் இருந்தார்.

"வாழ்த்துகள் அர்லின். ஆனா இது ரொம்ப ஓவர். பிரசவத்தன்னிக்கா உக்காந்து போன் எடுப்ப? சொல்லியிருந்தா லீவு குடுத்திருப்பேனே."

எனக்குக் குழந்தை பிறந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. டின்டோவிடமும் சொல்லவில்லை.

"உங்களுக்கு... யாரு சொன்னா?"

"நீதான். தரம் பாக்கறதுக்கு சில அழைப்பக் கேப்போம்ல. செவ்வாக்கிழம உங்க நேரம் பதினொண்ணு இருபது. ஒரு பெரியவரோட பேசிட்டே இருந்த. திடீர்னு, 'ஒரு நிமிஷம் இருங்க, எனக்கு இப்பதான் பொண்ணு பொறந்திருக்கா'ன்ன. நாப்பது செகண்ட் சத்தமே இல்ல. அப்பறம் திரும்ப வந்து அவருக்கு நேரம் குறிச்சுக் குடுத்த. அந்த நாப்பது செகண்டுக்கு நான் மார்க் கொறைக்கல, பயப்படாத."

குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

"பேரு கூடச் சொன்னியே அவருகிட்ட. நல்ல பேரு."

அந்தப் பெயரை ஹெலன் சொன்னார். நான் அதுவரை பெயரே யோசிக்கவில்லை. ஸ்கேனில் ஆண் என்றிருந்தார்கள்.

அந்த ஒலிப்பதிவை அழித்துவிட முடியுமா என்று கேட்டேன். நோயாளிகளின் அழைப்புகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டுமாம். நான் அதைக் கேட்டதில்லை. அந்த வாரமே லேப்டாப்பை மாற்றினேன். அடுத்த மாதம் வீட்டையும் மாற்றினேன். வேலையை விடவில்லை. விட முடியாது.

மகளுக்கு நான் வைத்த பெயர் வேறு. ஹெலன் சொன்ன பெயரை வீட்டில் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

அவளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. நன்றாகப் பேசுகிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பாதிரியார் குனிந்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

சொன்னாள்.

நான் வைத்த பெயரை அல்ல.