இரண்டு மணி ஷிப்ட் முடிந்து வந்த டிரம்மர்: ஓசூரில் ஒரு ரெகே ஞாயிறு

போன மாதம், 2008 டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஓசூருக்குப் போய்விட்டு அன்றே திரும்பினேன். கோயில், அருவி, மலைக்கோட்டை எதுவும் பார்க்கவில்லை. ஒரு குடியிருப்போர் சங்கத்தின் இசை விழாவுக்குப் போனேன். ஓசூரில் ஜமைக்கா தீவின் ரெகே, ஸ்கா இசை கேட்கப் போகிறேன் என்றதும் வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இதே போன்ற விழாவுக்குப் போக நினைப்பவர்களுக்காக நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுவில் என் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996 முதல் 2001 வரை ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். தகட்டை அச்சில் வைத்து அடித்து உருவாக்கும் பவர் பிரஸ் இயந்திரங்கள் அங்கே வரிசையாக நிற்கும். ஜூஜுவாடியில் ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த நான், தேவாலய இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசித்துப் பழகிய செல்வம், ஓசூரையொட்டிய கிராமத்தில் பிறந்து வீட்டில் தெலுங்கும் கடையில் கன்னடமும் எங்களிடம் தமிழும் பேசிய முனிராஜ்.

ஒருநாள் செல்வம் பெங்களூர் நடைபாதையில் இருபத்தைந்து ரூபாய் கொடுத்து ஒரு ஜமைக்கா கேசட் வாங்கி வந்தான். ரெகே பாட்டில் அடி விழுகிற இடத்தில் கிடார் பேசாது. இரண்டு அடிக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தில் 'சக்' என்று வெட்டும். அதையே வேகமாக, ஊதுகருவிகளோடு வாசித்தால் ஸ்கா. எனக்கும் செல்வத்துக்கும் அது பிடிபட ஒரு வாரம் ஆனது. முனிராஜ் பாதிப் பாட்டிலேயே எழுந்து உட்கார்ந்தான்.

"ஏம்பா, இது நம்ம ஷாப்ல டெய்லி கேக்குறதுதான? பெரிய பிரஸ் தம்முனு எறங்குது, நடுவுல சின்ன பிரஸ் சக்குனு அடிக்குது."

அப்படித்தான் எங்கள் குழு உருவானது. முனிராஜ் டிரம், செல்வம் ட்ரம்பெட், நான் கிடார். 2001 ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் மேடை ஏறுவதாக ஏற்பாடு. அதற்கு மூன்று நாள் முன்பு சேலத்தில் நல்ல வேலை கிடைத்து, நான் பையையும் கிடாரையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முனிராஜுக்கு அன்று இரவு ஷிப்ட், அதனால் சொல்ல முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஒரு சீட்டாவது எழுதி வைத்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம். ஆயுத பூஜையன்று முனிராஜ் மேடையில் டிரம்முக்குப் பின்னால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போனானாம். நான் வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். பல வருடம் கழித்துச் செல்வம் இதைச் சொன்னான்.

செல்வம் அதற்குள் வேலையை விட்டுவிட்டு, பெங்களூரில் ஏழு பேர் கொண்ட ஒரு ரெகே குழுவில் சேர்ந்திருந்தான். போன நவம்பரில் அவன்தான் போன் செய்தான். "நாங்க ஓசூர்ல வாசிக்கப் போறோம். கடைசியில ரெண்டு பாட்டு நம்ம மூணு பேருக்குன்னு கேட்டு வாங்கியிருக்கேன். முனிராஜ் ஒத்துக்கிட்டான்."

"நான் வர்றது அவனுக்குத் தெரியுமா?"

"நீ வா, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

சேலத்தில் காலை 5.40க்கு பஸ் ஏறினேன். தர்மபுரிக்கு இருபது ரூபாய், 7.05க்கு இறங்கினேன். கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையில் போனால் வேகமாகப் போகலாம். நான் வேண்டுமென்றே பாலக்கோடு, ராயக்கோட்டை வழி பஸ்ஸில் ஏறினேன், இருபத்தாறு ரூபாய். கிடாரை மடியில் வைத்திருந்த என்னிடம் கண்டக்டர், "என்ன சார், வீணையா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார். ராயக்கோட்டையில் தக்காளிப் பெட்டிகளை மேலே ஏற்ற இருபது நிமிடம் நின்றது. அந்தக் காலத்தில் இங்கே ஜன்னல் வழியாகப் பழுத்த தக்காளி வாங்கி உப்பு தொட்டுச் சாப்பிடுவோம். இந்த முறையும் வாங்கினேன். உப்பு இல்லாமலே நன்றாக இருந்தது.

விழா நடந்த மைதானம் ராயக்கோட்டை சாலையிலேயே, ஓசூர் பேருந்து நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால். 10.15க்கு அங்கேயே இறங்கிக்கொண்டேன். நுழைவுக் கட்டணம் இல்லை, தக்காளிச் சாதமும் மோரும் பதினைந்து ரூபாய். காலையில் தெலுங்குக் கீர்த்தனை, அப்புறம் ஒரு கன்னடக் கோலாட்டம், மைக் பரிசோதனை மும்மொழியிலும். எல்லாம் சரி, நாற்காலிகள்தான் காலியாகக் கிடந்தன.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மின்வெட்டினால் தொழிற்சாலைகளுக்கு இப்போது வாரம் ஒருநாள் மின் விடுமுறை. அந்தப் பகுதித் தொழிற்சாலைகள் புதன்கிழமை வார விடுப்பு கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓடுகின்றன. விழாக் குழுவோ மின்வெட்டு வருவதற்கு முன்பே ஞாயிறு என்று நோட்டீஸ் அடித்துவிட்டது. ஊரே வேலையில் இருக்கும் நாளில் ஊருக்கு விழா. பெங்களூர்க்காரர்கள் நல்லவர்கள், 12.30க்கு இருந்த தங்கள் நிகழ்ச்சியை முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரும்வரை 2.30க்குத் தள்ளி வைத்தார்கள். ஆனால் வாடகை ஜெனரேட்டரை ஐந்து மணிக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

முனிராஜுக்கும் முதல் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை, இரண்டு மணிக்கு முடிந்ததும் வருவான் என்று செல்வம் சொன்னான். 2.10க்கு மேல் சைக்கிளிலும் மொபெட்டிலும் ஆட்கள் வந்து நாற்காலிகள் நிறைந்தன. 2.25 ஆகியும் அவன் வரவில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்துதான் வரவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். கிடாரை உறைக்குள் போடலாமா என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது வரிசையில் சீருடையும் சாப்பாட்டு டப்பாவுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்தது, எங்கள் ஷாப் பசவராஜ். அத்திப்பள்ளிக் கன்னடக்காரர், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். போய் உட்கார்ந்தேன்.

"அரே, நீயா குரு! எவ்ளோ வருசம்! முனிராஜ் டிரம்மு கேக்கணும்னு ரெண்டு மணி நேரம் பர்மிசன் போட்டு வந்திருக்கேன். செகண்ட் ஷிப்ட்டு எனக்கு."

"எந்த மெசின்?"

"சின்ன பிரஸ்தான். முனிராஜ்தான் பகல்ல பாக்குறான். இன்னிக்கு ப்ரோக்ராம்னு லீவு போட்டிருப்பான், வேற யாராச்சும் இருப்பாங்க."

பிரஸ் ஷாப் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஓடும் இயந்திரத்தை விட்டு ஆபரேட்டர் இறங்கக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் நேரில் வந்து நின்று மாற்றிக்கொண்டால்தான் வெளியே வரலாம். அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர்.

"பசவராஜ், முனிராஜ் லீவு போடல. டியூட்டியிலதான் இருக்கான்."

அவர் என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ! அவனக் கேக்கத்தான் நான் இங்க குந்தியிருக்கேன். நான் வரலன்னு அவன் அங்க நின்னுட்டிருக்கான்!"

ஆட்டோ பிடித்தேன். நான்கு கிலோமீட்டர், போகவர தொண்ணூறு ரூபாய். வழியெல்லாம் பசவராஜ் புலம்பிக்கொண்டே வந்தார். "நான் உள்ள போனாத்தான் அவன் வெளிய வருவான். அவன் வாசிக்கிறப்ப நான் இருக்க மாட்டேன். என்னா குரு இது!" கேட்டில் இறங்கி டப்பாவோடு ஓடினார்.

2.50க்கு முனிராஜ் வெளியே வந்தான். கையில் கிரீஸ், காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நீயா?" என்றான். ஆட்டோவில் ஏறி ஓரமாக உட்கார்ந்தான்.

ஏழு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோனது. "முனிராஜ், அன்னிக்கி சொல்லாம போனது தப்பு. மன்னிச்சுரு" என்றேன்.

"கேக்கல" என்றான். பிரஸ் ஷாப்பில் பத்துப் பன்னிரண்டு வருடம் நின்றவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். ஆட்டோ சத்தம் வேறு. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "கேக்கலப்பா." மூன்றாவது முறை கத்தியே சொன்னேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணா, அவுரு ஏதோ மன்னிப்பு கேக்குறாரு" என்றார்.

"எனக்கு மொதல்லயே கேட்டுச்சு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றான் முனிராஜ். அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஓரத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து சரியாக உட்கார்ந்தான்.

நாங்கள் போனபோது பெங்களூர்க் குழு வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ராம்போன், பாடுகிற பெண்ணுக்குக் கணீரென்ற குரல். அடிக்கு நடுவில் கைதட்டச் சொல்லி அவர் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தார். முன்வரிசைப் பெரியவர்கள் பஜனைக்குத் தட்டுவது போல நேராக அடியிலேயே தட்டினார்கள். பின்னால் நின்ற பிரஸ் ஷாப் ஆட்கள் மட்டும் யாரும் சொல்லாமலே நடுவில் தட்டினார்கள், ஒரு ஆள்கூடத் தவறவில்லை. அந்தப் பெண் பாட்டை நிறுத்திவிட்டு, "இங்கே ஏற்கெனவே யாராவது கற்றுக்கொடுத்தார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான்கு மணிக்கு எங்கள் முறை வந்தது. முதல் இரண்டு நிமிடம் என் 'சக்' எல்லாம் அடியிலேயே போய் விழுந்தது. முனிராஜ் என்னைப் பார்க்காமல் பெரிய டிரம்மை இன்னும் அழுத்தி மிதித்தான். விலகுகிற ஆளைத் தோளைப் பிடித்து இழுத்து வைப்பது போல இருந்தது. பிறகு கை தானாகவே நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. சீருடையிலேயே நான்கு பேர் முன்னால் வந்து ஆடினார்கள். எனக்குக் கண் கலங்கியது, கிடாரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இறங்கியதும் முனிராஜ் சொன்ன முதல் வார்த்தை, "பசவராஜ் பாவம், கேக்கல."

அதனால் பெங்களூர் வேனிலேயே தொழிற்சாலைக்குப் போனோம். பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது, பிரஸ் ஷாப் ஜன்னல்கள் அந்தப் பக்கம்தான். டீ நான்கு ரூபாய். உள்ளே தம், சக், தம், சக் என்று ஓடிக்கொண்டிருந்தது. முனிராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டான். "சின்னது பசவராஜ் கைதான்." செல்வம் சுவரைப் பார்த்து நின்று ட்ரம்பெட்டை எடுத்து, அந்த அடிக்கே ஊதினான். வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, அப்படியே நின்று கேட்டார். பாதியில் சின்ன பிரஸ் நின்றது. பெரியது மட்டும் தனியாக நாலு அடி அடித்தது. பிறகு சின்னது சரியாக நடுவில் வந்து சேர்ந்துகொண்டது.

"காது அடைப்பக் கழட்டிட்டான்" என்றான் முனிராஜ். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஓசூரில் எந்த விழாவுக்குப் போனாலும் அந்த வாரம் தொழிற்சாலைகளுக்கு எந்த நாள் விடுப்பு என்று முதலில் விசாரியுங்கள். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு அத்திப்பள்ளி, ஜூஜுவாடி தாண்டினால் ஊர் வந்துவிடும், நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் எல்லையில் லாரிகள் நின்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். டிசம்பரில் மாலை ஐந்துக்கு மேல் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். திரும்பும்போது தக்காளிப் பெட்டிகள் இல்லாத நெடுஞ்சாலை பஸ்ஸில் வாருங்கள், சேலத்துக்கு நேராக நாற்பத்தைந்து ரூபாய். என் மொத்தச் செலவு, டீயெல்லாம் சேர்த்து, இருநூற்றுச் சொச்சம்.

5.45 பஸ். முனிராஜ் பேருந்து நிலையம் வரை வந்தான். கிடாரை வாங்கி மேலே வைத்துக் கொடுத்தான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் கீழே நின்றான். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"போயிட்டு வரேன்" என்றேன்.

முனிராஜ் காதருகே கையை வைத்தான். "கேக்கல!"

பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "போயிட்டு வரேன் முனிராஜ்!"

"ம், போயிட்டு வா" என்று கையைக் காட்டினான்.