எதிர்முனையில் காகிதம் இல்லை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். எங்கேயாவது ஒரு பொத்தானைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அமுக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. இப்படி ஒருத்தியைப் பிடித்து ஒரு டெலிபிரிண்டர் மிஷின் முன்னால் உட்காரவைத்தார்கள்.

எழுபதுகளின் நடுவில், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கையோடு, வாளையார் போகிற ரோட்டில் இருந்த ஒரு தேயிலைக் கம்பெனியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்டேட் ஹைரேஞ்ச் மலையில். அங்கிருந்து லாரியில் இறங்கும் தேயிலைப் பெட்டிகள் எங்களிடம் வந்து, பிறகு மாநில எல்லைச் செக்போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூர் போகும். எந்த லாரி புறப்பட்டது என்று கேட்க டிரங்க் கால் புக் பண்ணினால் அரை நாள் காத்திருக்க வேண்டும். அதனால் கம்பெனி ஒரு கம்பியை வாடகைக்கு எடுத்து, மலையில் ஒரு மிஷினும் எங்களிடம் ஒரு மிஷினும் வைத்திருந்தது.

நான் இங்கே ஓர் எழுத்தைத் தட்டினால் அதே எழுத்து என் தாளிலும் விழும், எட்டு மணி நேர லாரிப் பயணத்துக்கு அப்பால் மலைமேல் இருக்கும் தாளிலும் விழும். அங்கே ஆள் இருக்க வேண்டும் என்று கூட இல்லை. பூட்டிக் கிடக்கிற அறையில் அந்த மிஷின் தானாக முழித்துக்கொண்டு, நான் சொல்வதை எழுதி முடித்துவிட்டு மறுபடி தூங்கும். முதல் வாரம் இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஒரு தடவை கூடப் பார்த்திராத அறையில் என் விரல் வேலை செய்கிறது!

எழுத்துகளைவிட எனக்குப் பிடித்தது மூன்று கீக்கள். ஒன்றைத் தட்டினால் எதிர்முனையில் மணி அடிக்கும். இன்னொன்று தாளை ஒரு வரி மேலே தள்ளும். பக்கத்துக் கீயையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால், விடும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். மூன்றாவதுதான் அதிசயம். அதைத் தட்டினால் ‘நீ யார்’ என்று கேட்டதாக அர்த்தம். உடனே மலையில் இருக்கும் மிஷின், யாரும் தொடாமலே, தன் பெயரை எழுதி அனுப்பும். உள்ளே பல் பல்லாக வெட்டிய ஒரு சின்ன உருளை சுற்றுகிறது, அவ்வளவுதான் என்று மிஷின் ரிப்பேருக்கு வந்தவர் சொன்னார். எனக்கு அது அவ்வளவுதான் என்று தோன்றவில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். அதுவும் அலுக்காமல் பதில் சொன்னது.

எதிர்முனையில் ஓர் ஆபரேட்டர் அண்ணன் இருந்தார். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். லாரிக் கணக்கை முடித்ததும் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழ் அடிப்பார். “சாப்ட்டியா தங்கச்சி? இங்க மழை கொட்டுது.” நான் பதிலுக்கு எங்கள் ஊர் வெயிலைப் பற்றி அடிப்பேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் வம்புக்குக் குறைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் விடாமல் இருபது தடவை மணி அடித்து, என்னைச் சோற்றுக் கையோடு ஓடிவரவைத்தார். வந்து பார்த்தால், “என்ன கொழம்பு?” என்று கேட்டிருக்கிறார்.

அதற்குப் பழிவாங்கத்தான் மறுநாள் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சனிக்கிழமை எஸ்டேட் ஆபீஸ் ஒரு மணிக்கே அடைத்துவிடும். எங்களுக்கு ஐந்து வரை உண்டு. அங்கே ஆபீஸ் அடைத்த பிறகு ஏதாவது செய்தி வந்தால் அதற்கும் ஒரு முறை இருந்தது. வாட்ச்மேனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மணிச் சத்தம் கேட்டால் வந்து, தாளில் எழுத்து விழுந்திருந்தால் கிழித்து, ஆபரேட்டர் அண்ணன் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். எழுத்து இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

இரண்டு மணிவாக்கில் கிடங்கில் சந்தடி இல்லை. தாள் தள்ளும் கீயையும் பக்கத்துக் கீயையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். திங்கட்கிழமை அண்ணன் கதவைத் திறந்தால் தரையெல்லாம் வெள்ளைத் தாள் குவிந்து கிடக்க வேண்டும் என்பது என் திட்டம். என் தாளும் கூடவே ஓடி மடியில் சரிந்தது. என் ரோல் புதிது. போதும் என்று தோன்றும்வரை ஓடவிட்டு, என்னுடையதை மட்டும் மேனேஜர் கண்ணில் படாமல் கையால் சுற்றி வைத்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணிக்கு ஒரு பெண் ஓடிவந்தாள். எங்கள் கிடங்கில் சாக்குத் தைக்கிற அம்மாவின் மகள். அந்த அம்மாவின் ஒரே மகன் எஸ்டேட் ஃபாக்டரியில் ஃபிட்டர்.

“அக்கா, அம்மாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுங்க. ரெண்டு நாள் தாண்டாதுன்னு டாக்டரு சொல்லீட்டாருங்க. பேச்சு இன்னும் இருக்குது. அண்ணன் எங்கே, அண்ணன் எங்கேன்னு அதே கேள்விதானுங்க. தந்தி குடுக்கலாம்னு போயிட்டிருக்கறேன்.”

“தந்தி எதுக்கு? அது எப்பப் போயிச் சேர்றது? இது தந்திக்கு அப்பன். இப்படி உக்காரு,” என்றேன்.

அவள் கண் முன்னாலேயே அடித்தேன். அம்மா ஆபத்தான நிலை, மகனை உடனே அனுப்பவும். ஐந்து தடவை மணி அடித்தேன். கடைசியில் ‘நீ யார்’ கேட்டேன். மிஷின் டக டகவென்று பெயரைச் சொன்னது. “பாத்தியா? வாங்கிக்கிச்சுன்னு அதுவே சொல்லுது. இன்னிக்கு ராத்திரி லாரியில ஏறினா வெடியால ஆறு மணிக்கு உங்க அண்ணன் ஊட்டுல இருப்பாரு,” என்றேன். அவள் என்னை ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். தந்தி கொடுக்கவில்லை.

இப்போது என் தங்கை மகன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே எங்கோ இருக்கிற சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வார்த்தை அடிக்கிறான், அங்கிருந்து ஒரு வரி வருகிறது, “உயிரோட இருக்கு பெரியம்மா” என்கிறான். பதில் வந்தது சரி, நீ சொன்ன வேலை நடந்ததா என்று கேட்டால் என்னை விநோதமாகப் பார்க்கிறான். அவன் பிழைப்பை நான் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் சும்மா கேட்பதில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்தப் பெண் நான் குடியிருந்த வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அண்ணன் இன்னும் வரலீங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், வந்துட்டானான்னு கேக்குது.”

கிடங்குச் சாவியை வாங்கி ஆபீஸைத் திறந்தேன். ‘நீ யார்’ கேட்டேன். நேற்றுப் போலவே பளிச்சென்று பதில். அப்படியென்றால் கம்பி நன்றாக இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, மிஷின் முழித்திருக்கிறது. பிறகு ஏன் ஆள் வரவில்லை? நேற்று அடித்ததைச் சரிபார்க்கலாம் என்று, சுற்றி வைத்திருந்த என் தாளைப் பிரித்தேன். நேற்றைய செய்தி அச்சுப் பிசகாமல் இருந்தது. நான் ஓட்டிய வெள்ளைத் தாளைத் தாண்டிப் பிரித்தபோது, வெள்ளிக்கிழமை ஆபரேட்டர் அண்ணன் அடித்து நான் கவனிக்காமல் விட்ட வரி கண்ணில் பட்டது. ‘பேப்பர் ரோல் முடியப்போகுது. திங்கள் லாரியில் ரெண்டு அனுப்பவும்.’

என் ரோல் புதிது, அதனால் தாக்குப்பிடித்தது. அவருடைய கடைசிச் சில கஜத்தை நான்தான் இங்கிருந்தே தரையில் தள்ளித் தீர்த்திருக்கிறேன். அதன்பிறகு அடித்த செய்தி தாளே இல்லாமல் வெறும் ரப்பர் உருளைமேல் விழுந்திருக்கிறது. மணிச் சத்தம் கேட்டு வாட்ச்மேன் வந்திருப்பார், எழுத்து விழுந்த தாள் எதையும் காணாமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார். மிஷினுக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியும். தாள் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது.

இனி என்ன அடித்தாலும் அதே உருளைமேல்தான் விழும். மீதி இருந்தது மணி மட்டும். அடித்தேன். விரல் மாற்றி விரல் அடித்தேன். வாட்ச்மேன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டால்? போகட்டும், நிறுத்தாமல் அடித்தால் எரிச்சலிலாவது யாரையாவது கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெண் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “யாராச்சும் இருக்கறாங்களாக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்காமல் அடித்தேன்.

அரைமணி நேரம் கழித்து என் தாளில் தாறுமாறாக நாலைந்து எழுத்துகள் விழுந்தன. ஒரு சொல்லும் சேரவில்லை. ஆனால் அது உருளை சொல்லும் பதில் இல்லை, ஒரு மனித விரல். வாட்ச்மேன்தான், மணியை நிறுத்தத் தெரியாமல் கைக்குக் கிடைத்த கீயைக் குத்தியிருக்கிறார். அப்படியும் நான் நிறுத்தவில்லை. இன்னும் கால் மணி நேரத்தில் ஆபரேட்டர் அண்ணன் வந்துவிட்டார்.

“பேப்பர் இல்ல. பொறு. பழைய சம்பளச் சீட்டு இருக்கு, பின்பக்கம் வச்சுக்கிடுதேன்.” சற்றுப் பொறுத்து, “சொல்லு.”

அடித்தேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. “ஆளக் கூப்பிட்டுச் சொல்லியாச்சு. ஜீப்புல அனுப்புதோம்.” அதன்பிறகு, “நேத்து அடிச்சது உருளையில ஒண்ணுமேல ஒண்ணா கறுப்பா அப்பிக் கெடக்கு. தரையெல்லாம் வெள்ளப் பேப்பர். யார் பாத்த வேல?”

‘நான்தான்’ என்று அடித்தேன். பிறகு, “ரெஜிஸ்டர்ல, ரோல் தானா தீந்துபோச்சுன்னு எழுதிக்கிடுதேன். இனி அந்தக் கீயத் தொடாதே,” என்று வந்தது. அன்று முழுக்க அவர் ஒரு தடவை கூடத் தங்கச்சி போடவில்லை.

மகன் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தார். அம்மாவுக்குப் பேச்சு அன்று காலை பத்து மணிக்கே நின்றுவிட்டது என்று மறுநாள் கிடங்கில் சொன்னார்கள். இரவு முழுக்க அந்த அம்மா மகன் கையைப் பிடித்தபடி இருந்திருக்கிறார். திங்கள் விடியற்காலை மூச்சு நின்றது. விடியல் ஆறிலிருந்து பத்து வரை, நாலு மணி நேரம். நான் விளையாடாமல் இருந்திருந்தால் அம்மாவும் மகனும் பேசக் கிடைத்திருக்க வேண்டிய நேரம்.

காரியமெல்லாம் முடிந்து மலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், அவரும் தங்கையும் ஆபீஸுக்கு வந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் சரி. ஒரு சீப்புப் பூவன்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவர்தான் முதலில் பேசினார்.

“நீங்க மணி அடிச்சிருக்காட்டி எனக்கு மூஞ்சி கூடக் கெடைச்சிருக்காதுங்க. பேச்சு சனிக்கெழமையே போயிருச்சாமே. தங்கச்சி சொல்லுச்சு. அதனால எப்ப வந்திருந்தாலும் பேசியிருக்க முடியாதுங்க. உசுரோட பாத்தனே, அது உங்களாலதானுங்க.”

நான் அவர் தங்கையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் நின்று, வந்துட்டானான்னு அம்மா கேட்பதாகச் சொன்னவள் அவள்தான். அண்ணன் பின்னால் நின்றபடி, லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. தாள் விஷயம் அவளுக்குத் தெரியாது. அண்ணன் மனசு ஆறட்டும் என்று அவளாக ஒரு பொய்யைக் கட்டி வைத்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் அது உடையும்.

“இருக்கட்டுங்க, போயிட்டு வாங்க,” என்றேன். அவர் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

அவர்கள் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒரு பெருமூச்சே விட்டேன். வெட்கம் பிறகு வந்தது, அந்தப் பெருமூச்சை நினைத்து.