எடுக்காத படங்களுக்கு எழுதிய தலைப்புகள்

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் மார்கழி அது. தை பிறந்ததும் கொடைக்கானல் போய், மலைகளைப் பனியோடு படம் எடுப்பது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார். அவருக்குத் தல்லாகுளத்தில் குமாஸ்தா வேலை. மலையை அதுவரை பஸ் ஜன்னலில் தூரத்து நீலமாகப் பார்த்ததோடு சரி. சிங்கப்பூரில் இருந்த அவருடைய அக்கா ஒரு கேமராவும், கூடவே ஒரே ஒரு கலர் பிலிம் சுருளும் கொடுத்தனுப்பியிருந்தார். முப்பத்தாறு படம். அது தீர்ந்தால் வேறு கலர் பிலிமுக்கு நாங்கள் எங்கே போவோம்?

மனிதருக்குப் பொறுமை ஏது? ஒரு மாதம் முன்னாலேயே பிலிமை மாட்டிவிட்டார். கறுப்புத்தாள் ஆல்பம் வாங்கி, எடுக்காத படங்களுக்கு வெள்ளை மையில் தலைப்பும் எழுதினார். ‘உறங்கும் மலைகள்’, ‘விடியலின் முதல் கதிர்’, ‘பனி மூடிய சிகரம்’. குளிருக்குப் பழக வேண்டுமாம். காளவாசலில் வாங்கிய குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு ஞாயிறு மத்தியானங்களில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார். என்ன காரணமோ, அந்த மாதம் முழுக்க வீட்டில் ரேடியோவை அலறவிட்டார்.

“இந்தா பாரு, கேமராவ மட்டும் தொட்ராத. அம்புட்டும் மலைக்குத்தான்” என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார்.

தொடாதே என்றால் சும்மா இருக்கிற ஜென்மமா நான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குல்லாவோடு வாசல் வெளிச்சத்தில் பாயில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வயிறு ஏறி ஏறி இறங்கியது. கேமராவை எடுத்துவந்து, ‘க்ளிக்’ சத்தம் கேட்டுவிடாதபடி குக்கர் விசில் அடிக்கும்வரை காத்திருந்து அமுக்கினேன். இன்னொரு நாள் மொட்டை மாடியில், வெறுங்கை விரல்களைச் சட்டம்போல வைத்து, கொடியில் காய்ந்த என் சேலையைச் சிகரமாக நினைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் விடவில்லை. இப்படி மொத்தம் நாலு.

படம் எடுக்க எடுக்க, கேமராவின் மேலிருந்த குட்டிக் கண்ணாடியில் எண் ஏறும் என்று அப்புறம்தான் தெரிந்தது. பீரோவைத் திறந்து பார்த்தேன். நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. மீதி அஞ்சைப் பேயா எடுத்தது?

“என்னங்க, அந்தக் கண்ணாடில ஒம்பதுன்னு போட்டுருக்கே?” என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

“அது குளிர் காலத்துல அப்டித்தான் ஏறும்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆக, திருடர்கள் இரண்டு பேர். அப்புறம் எனக்கு மலையே மறந்துவிட்டது. அந்த அஞ்சில் என்ன இருக்கும் என்கிற நினைப்பிலேயே நாட்கள் ஓடின. எவ்வளவு சுகமான நாட்கள்.

கொடைக்கானலில் மூன்று நாளும் மூடுபனி. எதிரே நின்ற மாடுகூடத் தெரியவில்லை. இப்போது விலகும், இப்போது விலகும் என்று மீதி இருபத்தேழையும் எடுத்துத் தீர்த்தார்.

“முத ஒம்பதுதாண்ணே விழுந்துருக்கு. மிச்சம் பூராம் வெள்ளை” என்று ஸ்டூடியோக்காரர் உறையை நீட்டினார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தோம். என் நாலிலும் அவர். அவருடைய அஞ்சிலும் நான். அரிசி புடைக்கிறேன், தலை பின்னுகிறேன். ஒன்றில், அவர் இல்லை என்று நினைத்து, குரங்குக் குல்லாவைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரேடியோ எதற்கு அலறியது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆல்பத்தை எடுத்து, ‘உறங்கும் மலைகள்’ பக்கத்தில் அவர் வயிற்றை ஒட்டினேன்.

“அடிப்பாவி” என்றவர் பசையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ‘பனி மூடிய சிகரம்’ பக்கத்தைப் புரட்டி, குல்லா போட்ட என் தலையை ஒட்டினார்.

வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டி, “மலை எங்கண்ணே?” என்று கேட்டால், இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.